கோடெக் எழுதிய ஒப்பாரி

திண்டிவனத்தில் என்னிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், என் வாயிலிருந்து அதிகமாகத் திட்டு வாங்கிய மனிதர் கோடெக்தான். அடுத்த இடத்தில் இருப்பவர் என் மாமனார். அவர் வெகு தூரம் பின்னால் வருகிறார்.

கோடெக் என்பது அவர் பெயர் இல்லை. அவர் பெயர் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவிகூட "இவரு" என்பார், அவ்வளவுதான்.

வீடியோவைச் சுருக்கிக் கட்டித்தான் ஒரு கோப்பாக வைக்கிறார்கள். கட்டிய விதம் தெரிந்தால்தான் கம்ப்யூட்டரால் பிரிக்க முடியும். பிரிக்கத் தெரிந்த அந்தச் சின்னச் சாமானுக்குப் பெயர்தான் கோடெக். அது இல்லாவிட்டால் படம் வரும், சத்தம் வராது. அல்லது சத்தம் வரும், படம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருக்கும். மனிதர் இதை எங்கோ தெரிந்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் இதுதான் காரணம் என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் வீட்டு மிக்சி சுற்றவில்லை என்று என் மனைவி வாசலில் நின்று புலம்பியபோது, வழியில் போனவர் நின்று, "கோடெக் இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருமுனை வீட்டுப் பையனுக்கு மூன்று வருடமாகப் பெண் அமையவில்லை என்றதற்கும் அதையே சொன்னார் என்பார்கள். அதை நான் நேரில் கேட்கவில்லை. சொல்லக்கூடிய ஆள்தான்.

சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் பத்திரம் டைப் அடிப்பது அவர் தொழில். கிழக்கே இன்னாருடைய நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே பொதுப் பாதை என்று முப்பது வருடம் எல்லை எழுதிய கை. கிழக்கு என்று அடிக்க வேண்டிய இடத்தில் மேற்கு என்று அடித்தால் இரண்டு குடும்பங்கள் பேரன் காலம் வரைக்கும் கோர்ட்டுக்கு அலையும். அதனால் எழுத்து என்றால் அவருக்கு உயிர். ஓட்டல் சுவரில் எழுதியிருக்கும் விலைப் பட்டியலில் ஒற்று விட்டுப் போயிருந்தால் இட்லியைச் சாப்பிட மாட்டார்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வீசிவிட்டு, உள்ளே காற்றுப் போக எதிரில் ஒரு மேசை விசிறி. வெயில் காலத்தில் மனைவி வியர்வையில் நனைந்துகொண்டிருப்பார், கம்ப்யூட்டர் ஜில்லென்று இருக்கும். தெருவில் யார் வீட்டிலாவது படம் ஓடவில்லை, சத்தம் வரவில்லை, கீழே வரும் எழுத்து வரவில்லை என்றால் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போவோம். பென்டிரைவை அவர் நேராகத் தொட மாட்டார். "ஒரிஜினல்ல கை வெக்கக் கூடாது தம்பி. மூலப் பத்திரம் மாதிரி அது" என்று காப்பி எடுத்து, காப்பியில்தான் வேலை செய்வார். வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் வேதனை. சரியாக ஓடுகிறதா என்று முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்ப்பார். வீட்டுக்கு வந்து செய்து கொடுத்தால் நம் வீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு படமும் ஒன்பது தோசையும் பார்த்தார்.

எதிர் வீட்டுத் தாத்தா ஒருமுறை அரை மணி நேரம் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, சீனாக்காரன் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும் போல என்று சொன்னார். கோடெக் ஓடினார். அது சீன எழுத்து இல்லை. தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாமல் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறது. எழுத்துக் கோப்பைத் திறந்து வேறு வகையில் சேமித்ததும் தமிழ் வந்தது. தாத்தா இரண்டு வரி படித்துவிட்டு, கட்டமாக இருந்தபோது கதை நன்றாக இருந்தது என்றார்.

எழுத்து பேச்சோடு ஒட்டி வராவிட்டால் கோடெக்குக்குப் பொறுக்காது. பின்தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கொரிய நாடகம் பார்ப்பாள். அதில் எழுத்து இரண்டு விநாடி தாமதமாக வந்தது. அவளுக்குப் பழகிவிட்டது. இவருக்கு முடியவில்லை. "ஆளு செத்து விழுந்த பிறகு 'சுடாதே'ன்னு வருது, நீ பாத்துக்கினு இருக்கியேம்மா" என்று கண்ணில் நீர் வராத குறையாகக் கேட்டார். கோயில் திருவிழாவில் திரை கட்டி ஒரு வெளிநாட்டுப் படம் போட்டார்கள். நடுவில் எழுந்து போய்ப் படத்தை நிறுத்தி, எழுத்தை நகர்த்திச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஊரே தின்றுகொண்டிருந்த வேர்க்கடலையின், எங்கள் பாஷையில் மல்லாட்டையின், தோலை அவர் மேல் வீசியது. நானும் வீசினேன். குவைத்திலிருந்து லீவுக்கு வந்த இடத்தில் எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

இது போதாதென்று தமிழ் வீடியோவுக்கே தமிழில் எழுத்துப் போட ஆரம்பித்தார். காது கேட்கிறவனுக்கு எதற்கு என்று கேட்டேன். "வாயால சொன்னத நாளைக்கு இல்லன்னுடுவாங்க தம்பி. கீழ எழுத்து இருந்தாத்தான் அது பேச்சு" என்றார். தெருவில் ஒரு காதுகுத்து நடந்தது. அந்த வீடியோவை யாரும் கேட்காமலே வாங்கிப் போய், இருமல் உட்பட எல்லாவற்றையும் எழுத்தில் போட்டுக் கொடுத்தார். அதில் பந்தியின் மூலையில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது ஒரு வரி. பிரியாணியில் கறியைத் தேடிக்கொண்டே, "எங்கக்கா புத்தி எங்க போவும்" என்கிறார். மேளச் சத்தத்தில் யார் காதிலும் அது விழுந்திருக்காது. இவர் விசிறிக் காற்றில் உட்கார்ந்து இருபது முறை கேட்டு எழுதிவிட்டார். வீட்டில் உறவினர்களைக் கூட்டி வைத்துப் படம் போட்டபோது திரையில் கொட்டை எழுத்தில் வந்தது. அக்காவும் தம்பியும் அன்றோடு பேச்சை விட்டார்கள். அந்த வரியை எடுத்துத் தொலையுங்கள் என்று தெருவே கெஞ்சியது. "சொன்னாரா, இல்லியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். எடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட ஆள்.

என் அம்மா செத்தபோது நான் குவைத்தில் வெல்டிங் வேலையில் இருந்தேன். வியாழக்கிழமை சாயந்திரம் தகவல் வந்தது. பாஸ்போர்ட் கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தது. வெள்ளி, சனி ஆபீஸ் லீவு. சாவியை வைத்திருந்தவன் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஊரில் எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். மனைவி வீடியோ காலில் காட்டினாள். அம்மாவின் கால் கட்டைவிரலைக் கட்டியிருந்த துணி தெரிந்தது. அதோடு படம் நின்றுவிட்டது. அப்புறம் லைன் கிடைக்கவில்லை. இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் கெட்ட வார்த்தை வரும், பத்திரிகை ஆசிரியர் அதை அடித்து எடுத்துவிடுவார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மாத லீவில் வந்தேன். அம்மா இருந்தது மயிலம் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில். கூடவே இருந்தது என் அப்பாவின் அக்கா. அத்தைக்குச் சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார். அம்மாவும் அத்தையும் ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்தார்கள். அம்மாவின் கடைசி ஒரு வாரம் முழுக்கப் பக்கத்தில் இருந்தது அத்தைதான். நான் போய் நின்றபோது அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியிடம் கேட்டேன். எல்லாரும் அழுதாங்க என்றாள். என்ன சொல்லி அழுதார்கள் என்று கேட்டேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டு ஒப்பாரியில் எல்லாம் வந்துவிடும். செத்தவர் கடைசியில் என்ன கேட்டார், யாரைத் தேடினார், யார் வந்தார், யார் வரவில்லை. பேச்சில் சொன்னால் சண்டையாகிவிடும் விஷயத்தை அழுகையில் சொல்லலாம். யாரும் எதிர்த்துக் கேட்கக் கூடாது. அதனால் அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னதா என்று தெரிய வேண்டுமானால், அத்தையின் ஒப்பாரியை நான் கேட்டாக வேண்டும். எனக்கு வேறு வழி இல்லை.

இப்போதெல்லாம் சாவுக்கும் வீடியோ எடுக்கிறார்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் கட்டாயம் எடுப்பார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர் எடுத்து பென்டிரைவில் கொடுத்திருந்தார். டிவியில் செருகினேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. போனில் போட்டேன். இந்த ஒலி வகை இதில் ஓடாது என்று காட்டியது. பாடையைச் சுற்றிப் பெண்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அத்தை. வாய் திறந்து மூடுகிறது. சத்தம் இல்லை.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு கோடெக் வீட்டுக்குப் போனேன். எனக்கு விமானம் ஏற நான்கு நாள்தான் இருந்தது. "சத்தம் வர வைங்க. எங்கம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லிச்சான்னு தெரியணும்" என்றேன். "சவுண்டுக்கான கோடெக் இல்ல, அவ்வளவுதான். சாயந்திரம் வாங்க தம்பி" என்றார். சாயந்திரம் போனேன். நாளைக்கு என்றார். மறுநாள் போனேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சவுண்டே பதிவாகல தம்பி. அவங்க மைக்கு செத்துப் போயிருக்குது."

நான் ஸ்டுடியோக்காரரைப் போனில் பிடித்தேன். அவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். சவுண்டு இருக்கு சார், எங்க சிஸ்டத்துல நல்லா ஓடிச்சு சார் என்று சத்தியம் செய்தார். திருட்டுப் பயலே என்று தொடங்கி, மண்டபத்தில் பந்தி முடிகிற வரைக்கும் திட்டினேன். கோடெக் பொய் சொல்ல மாட்டார் என்பது எனக்கு அவ்வளவு நிச்சயம். இட்லியைத் தள்ளி வைக்கிற ஆள் எனக்கு எதற்குப் பொய் சொல்லப் போகிறார்?

மூன்றாம் நாள் அவரே வீட்டுக்கு வந்தார். சத்தம் இல்லாவிட்டால் என்ன, அத்தையின் வாய் அசைவு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்து எழுத்தாகப் போட்டிருக்கிறேன் என்றார். சந்தேகம் வந்த இடத்தில் ஊருக்கே போய் அன்று பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டு எழுதினாராம். கொட்டகையையும் விசிறியையும் விட்டு நகராதவர் எனக்காக மயிலம் பஸ் ஏறியிருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். காப்பியைப் போட்டார். அத்தையின் வாய் திறந்தது. கீழே எழுத்து வந்தது.

கடல்தாண்டிப் போனவனக் கையெடுத்து வாழ்த்தினியே,
கதவத் தொறந்துவெச்சுக் காத்துவர இருந்தியே,
வந்தானே கனவுலதான் வாய்க்குப் பால் ஊத்த,
வாசம் பூத்தபடி மூடிச்சே உன் கண்ணு.

வாய் அசைவோடு ஒரு நூல் பிசகாமல் எழுத்து ஓடியது. கனவிலாவது போயிருக்கிறேன். கண் மூடித்தான் போயிருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆறு மாதமாக வராத அழுகை. கோடெக் அன்று படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. தோசையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் குவைத்துக்குப் போனேன். அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வெல்டிங் அடித்தேன்.

பிறகு அந்த வேலையை உதறிவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். மகள் பாலிடெக்னிக் சேர்ந்தாள். புது லேப்டாப் வந்தது. ஒரு நாள் காலை பீரோவில் ஆதார் நகலைத் தேடும்போது அந்தப் பழைய பென்டிரைவ் கையில் கிடைத்தது. கோடெக் காப்பி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. சத்தமில்லாத வெறும் படம்தானே, அம்மா முகத்தைப் பார்ப்போம் என்று லேப்டாப்பில் செருகினேன்.

முதலில் மேளம் கேட்டது. யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். ஒரு குழந்தையின் அழுகை. அப்புறம் அத்தையின் குரல்.

கடல்தாண்டிப் போனவனக் காத்துக் கெடந்தியே,
கதவத் தொறந்துவெய்யின்னு கடைசிவர சொன்னியே,
வந்தானா உம்மவந்தான் வாய்க்குப் பால் ஊத்த,
வாசலப் பாத்தபடி வெறச்சுதே உன் கண்ணு.

மேலும் இருந்தது. நான் பிறந்த தேதியைச் சபித்து ஒரு வரி. கொள்ளிக்கு ஊரான் பிள்ளை என்று ஒரு வரி. முழுக்கக் கேட்டேன். கேட்டு முடித்ததும் லேப்டாப்பை மூடாமல் எழுந்து, ஒரு காலில் என் செருப்பும் ஒரு காலில் மகளின் செருப்புமாகச் சார் பதிவாளர் ஆபீசுக்குப் போனேன்.

நல்ல முகூர்த்த நாள் போலிருக்கிறது, கொட்டகையில் கூட்டம். வளவனூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து எல்லை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் மேசையில் அடித்தேன்.

"யோவ் கோடெக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"சவுண்டு வந்துடுச்சா தம்பி?"

"வந்துடுச்சு."

"எந்தப் பிளேயர்ல போட்டீங்க?"

எனக்கு அவர் சட்டையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. பெரியவர் எழுந்து நடுவில் கை வைத்தார். மைக் செத்துப் போச்சுன்னு சொன்னியே என்று கத்தினேன். ஆமாம், பொய்தான் என்றார். மயிலம் பஸ் ஏறினேன்னு சொன்னியே என்றேன். அதுவும் பொய்தான், அன்னிக்கு ரெண்டு பத்திரம் இருந்துச்சு என்றார்.

"எங்கம்மா கதவத் தொறந்து வையின்னு சொல்லிச்சு. அத மறைக்க நீ யாருய்யா?"

"அம்மா சொன்னாங்கன்னு அத்தை சொல்றாங்க. அம்மா சொன்னது அதுல பதிவாகல தம்பி. நீங்க கேட்டது அம்மா என்ன சொன்னாங்கன்னு."

"அது சரிதானே" என்றார் வளவனூர்ப் பெரியவர். நான் அவரையும் திட்டினேன்.

கோடெக் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"காதுகுத்து வீட்டுல அக்காவும் தம்பியும் இன்னும் பேசல. நான் எழுதுனதுதான். அப்ப எனக்குப் புரியல. நீங்க ரெண்டு நாள்ல பிளைட் ஏறணும். அந்தச் சத்தத்தத் தூக்கிக்கினு எப்படிப் போவீங்க, போய் அங்க எப்படி நெருப்புல வேலை செய்வீங்கன்னு பாத்தேன். அவ்வளவுதான் தம்பி."

நான் அதற்குள் அடுத்த திட்டைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பத்திரத்துக்குப் போடும் பச்சைத் தாள். மடிப்பில் நைந்து போயிருந்தது. பத்திரத்தில் எங்காவது அடித்து எழுதியிருந்தால், எந்த வரியில் எது எப்படி மாறியது என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். இல்லாவிட்டால் பத்திரம் செல்லாது. மனிதர் என் அம்மாவின் ஒப்பாரிக்கு அதை எழுதி வைத்திருந்தார்.

அடித்தல் திருத்தல் விவரம் என்று மேலே தலைப்பு. முதல் வரியில் 'காத்துக் கெடந்தியே' என்பது 'கையெடுத்து வாழ்த்தினியே' எனத் திருத்தப்பட்டது. நான்காம் வரியில் 'வாசலப் பாத்தபடி' என்பது 'வாசம் பூத்தபடி' எனத் திருத்தப்பட்டது. இப்படி மொத்தம் பதினோரு இடங்கள். ஒன்றைக்கூட விடவில்லை. வாய் அசைவு மாறாமல் இருக்க எந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடினார் என்பதுகூட இருந்தது. கடைசியில், மேற்படி திருத்தங்கள் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் சுயபுத்தியுடன் என்னால் செய்யப்பட்டவை, கேட்கும்போது ஒப்படைக்கக் கடமைப்பட்டவன் என்று முடித்து, கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. அதிலும் பெயர் படிக்க முடியவில்லை. சாட்சிகள் என்று எழுதி ஒன்று, இரண்டு என்று இடம் விட்டிருந்தது.

"சாட்சிக்கு ஆளக் கூப்ட முடியல. விஷயத்தச் சொல்ல வேண்டியிருக்கும்ல" என்றார்.

"நான் ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்டார் வளவனூர்ப் பெரியவர்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் அவரைத் திட்டவில்லை.

"நீங்க சொன்னா, கரெக்டா ஒரு காப்பி போட்டுத் தர்றேன். எனக்கும் ரெண்டு வருஷமா மனசு சரியில்ல" என்றார் கோடெக்.

"ஒரு மயிரும் போட வேணாம்" என்று சொல்லிவிட்டு, தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவரும் எங்கள் தெருப்பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போனார். ஒரு மாதமும் நான் அந்தத் தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை அழுதது ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை இந்த ஆள் எத்தனை முறை கேட்டிருப்பார்? என் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே போனது எனக்குத் தெரிவதற்கு இரண்டு வருடம் முன்னால் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, தினமும் அதன் மேல் உட்கார்ந்து எல்லை எழுதியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒரு பொய் சொல்லிவிட்டு, அதற்கு ரசீது போல ஒரு தாளை எழுதி வைத்துக்கொண்டு நான் வந்து கேட்பதற்காகக் காத்திருந்திருக்கிறார். இவரை என்ன செய்வது? எனக்குத் திட்டத்தான் தெரியும். வேறு எதுவும் சரியாகத் தெரியாது.

ஒரு நாள் கொட்டகைக்குப் போய் நின்றேன். டைப் அடிப்பதை நிறுத்தினார். "அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். "எழுத்தா?" என்றார். "ஆமா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, எதிர்க் கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னார். டீயைக் குடிக்கும்போது, என் லேப்டாப்பில் எந்தப் பிளேயர் இருக்கிறது, அதில் எழுத்து அளவை எங்கே மாற்றுவது என்று அரை மணி நேரம் பேசினார். நான் காதில் வாங்கவில்லை. ஆனால் எழுந்து வரவும் இல்லை.

அதற்கு அடுத்த வருடம், மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டு மேசையில் தலை சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். தெருமுனையில் பேனர் வைத்தார்கள். அதில் ஒரு பெயர் போட்டிருந்தது. போட்டோவும் இளவயதில் எடுத்தது. தெருவில் பாதிப் பேர் யாரோ செத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசியில் கொரிய நாடகம் பார்க்கும் பின்தெருப் பெண்தான் ஒரு வெள்ளைத் தாளில் 'கோடெக்' என்று எழுதி பேனரில் ஒட்டினாள். அப்புறம்தான் கூட்டம் வந்தது. காதுகுத்து வீட்டு அக்கா வந்தார். தம்பியும் வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். வாடகைக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கர் பெட்டி வேலை செய்யவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில், "கோடெக் இருக்காது" என்றார். சொன்னவருக்கே முகம் சுருங்கிவிட்டது. பாடையில் ஒரு தோள் என்னுடையது. முதல் ஆளாகப் போய் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதம் அத்தை எங்கள் வீட்டில் இருக்கிறாள். கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வர ஆள் இல்லை என்று பெரியப்பா மகன் சொன்னான். நான் போய்க் கூட்டிவந்தேன். வரும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆனதும், ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே பேசினாள்.

"அந்தச் சாவுப் படம் உங்கிட்ட கீதாமே. போடுடா. கண்ணு தெரியிறப்ப அவ மொகத்த ஒருவாட்டி பாத்துக்கறேன்."

லேப்டாப்பில் இரண்டும் இருக்கின்றன. சத்தம் உள்ளதும், சத்தமில்லாமல் எழுத்து மட்டும் உள்ளதும். நான் எழுத்து உள்ளதைப் போட்டேன். அத்தை முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள் வாய் திறந்து மூடுவதை அவளே பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சத்தம் வரலியே."

"மைக்கு செத்துப் போச்சு அத்தை. சவுண்டே பதிவாகல."

அத்தை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மறுபடி திரைப் பக்கம் திரும்பி, கீழே என்னவோ ஓடுதே, அது இன்னா என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீ அழுததுதான், எழுத்தா போட்டிருக்குது என்றேன். படி என்றாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

படித்தேன். கையெடுத்து வாழ்த்தினதைப் படித்தேன். காற்று வரக் கதவு திறந்திருந்ததைப் படித்தேன். கனவில் நான் வந்து பால் ஊற்றியதை, வாசம் பூத்தபடி கண் மூடியதை எல்லாம் படித்தேன். முடிகிற வரைக்கும் அத்தை என் முழங்கையை விடவில்லை.

"நானாடா அப்படி அழுதேன்?"

"நீதான்."

"எனக்கு வேற மாதிரி ஞாபகம். இத்தினி வருஷமா அந்த ஞாபகத்துலதான் உன் மொகத்தப் பாக்க முடியாம கெடந்தேன்."

"எழுதி இருக்குது அத்தை."

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் தொடப் போனாள். டாக்டர் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று கையைப் பிடித்தேன். அந்தக் கண்ணோடு என்னை நேராகப் பார்த்தாள்.

"யாருடா எழுதினது? அன்னிக்கு வந்திருந்தானா அவன்?"

"வரல" என்றேன். "நம்ம வீட்டு ஆளுதான், அத்தை."